மலை வெளியே வந்திருந்த நாள்

மார்லிஸ் ட்வைட்டின் வேலை, வருகிறவர்களிடம் அவர்களுடைய எடையைக் கேட்பது. முப்பத்து நான்கு கோடைகளாக அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். அலாஸ்காவில் பிர்ச் லேண்டிங் ரயிலடிக்குப் பின்னால், ஓடுபாதையின் ஓரமாக ஒரு மரக் கொட்டகை இருக்கிறது. அதுதான் ஸ்ட்ராண்ட் விமான சேவையின் அலுவலகம். விடுமுறைக்கு வருகிறவர்கள் அங்கே சின்ன விமானத்தை வாடகைக்கு எடுத்து, மலையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒன்றரை மணி நேரத்தில் இறங்கி, எதிர்க்கடையில் சால்மன் மீன் சூப் குடித்துவிட்டு ரயிலைப் பிடிப்பார்கள். ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் மார்லிஸின் மேசை முன் நின்று எடையைச் சொல்லியாக வேண்டும். ஆறு இருக்கை விமானம். கூட ஒரு மூட்டை ஏறினாலும் அதற்குத் தெரிந்துவிடும்.

யாரும் உண்மையைச் சொல்வதில்லை. மூலையில் ஒரு தராசு இருந்தது, ஆனால் அதன் மேல் பூந்தொட்டிதான் உட்கார்ந்திருந்தது. காசு கொடுத்து வந்தவர்களைத் தராசில் ஏற்றி மானத்தை வாங்கக் கூடாது என்பது பழைய முதலாளி வெண்டெல் ஸ்ட்ராண்ட் போட்ட சட்டம். காதால் கேட்டுக்கொள், கண்ணால் கூட்டிக்கொள் என்பார். பெண்களுக்குப் பதினைந்து பவுண்டு, ஆண்களுக்கு இருபது, பெல்ட்டுக்கு மேல் வயிறு தொங்கினால் முப்பது. மார்லிஸின் கண் அந்த விஷயத்தில் கசாப்புக்கடைக்காரனின் கண்.

"இருநூறு பவுண்டு" என்பார் ஒருவர், மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு.

"அது இந்த வருஷமா, கல்யாணம் ஆன வருஷமா?" என்பாள் மார்லிஸ்.

பின்னால் நிற்கும் மனைவி விழுந்து விழுந்து சிரிப்பாள். மார்லிஸ் இருநூற்று முப்பது என்று எழுதிக்கொள்வாள். ஊரில் அவளைச் சிரிப்புக்காரி என்றுதான் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். பகல் இரண்டு நாற்பதுக்கு அவள் முகத்தை யாரும் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

இரண்டு நாற்பதுக்கு அவள் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவாள். அந்தப் பக்கம் பறக்கிற எல்லா விமானிகளும் ஒரே அலைவரிசையில் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். யாரும் பேசாத நேரத்தில் வெறும் இரைச்சல்தான் கேட்கும். அந்த இரைச்சலை அவள் பத்து நிமிஷம் நின்றபடியே கேட்பாள். சில நாட்களில் அதற்குள் வெண்டெல் இருமுவது கேட்கும். கேட்கிறது என்றுதான் அவள் நினைத்தாள். அதை யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் வேலையை விட்டுப் போகச் சொல்லிவிடுவார்கள் என்ற பயம்.

இன்னொன்றும் உண்டு. விமானம் திரும்பி வந்து நின்றதும் வாசலுக்குப் போய், இறங்குகிறவர்களை எண்ணுவாள். ஐந்து பேர் ஏறினால் ஐந்து பேர்தான் இறங்க வேண்டும். பெரும்பாலும் ஐந்துதான். எப்போதாவது, வெயில் இறக்கையில் பட்டுக் கூசுகிற நேரத்தில், கடைசியாக மஞ்சள் மழைக்கோட்டில் ஒருத்தி படியில் கால் வைப்பாள். அவள் தரையில் கால் வைப்பதற்குள் மார்லிஸ் கண்ணை மூடிக்கொள்வாள். திறக்கும்போது ஐந்து பேர்தான் இருப்பார்கள்.

முப்பத்தொரு வருடமாக அவள் எந்த விமானத்திலும் ஏறவில்லை. ரயில்வேயில் வேலை பார்த்த கஸ் என்பவனைக் கட்டிக்கொண்டு ஒன்பது வருடம் குடும்பம் நடத்தினாள். தெற்கே ஓரிகனுக்குப் போய்விடலாம், இந்தக் குளிர் போதும் என்று அவன் கேட்டான், கெஞ்சினான், கடைசியில் தனியாகவே போனான். போகிற அன்று, "இங்க உனக்கு என்னதான்டி இருக்கு?" என்று கத்தினான்.  "அவங்க வந்துட்டு இருக்காங்க, வர்றப்ப நான் இங்க இருக்கணும்" என்பதை எந்தப் புருஷனிடம் சொல்ல முடியும்?

ஏனென்றால் அவர்கள் உண்மையிலேயே வந்துகொண்டிருந்தார்கள். வெண்டெலின் விமானம் விழுந்தது டோல்மன் பனியாற்றின் தலைமாட்டில். அன்றிரவே பனி கொட்டி மூடிவிட்டது. தேடினார்கள், கிடைக்கவில்லை. ஆனால் பனியாறு சும்மா கிடப்பதில்லை. பார்த்தால் அசையாத ஐஸ், அளந்தால் ஒரு நாளைக்கு மூன்றடி. தன்மேல் விழுந்ததை விழுங்கி, வயிற்றில் வைத்துக்கொண்டு, கீழே கொண்டுவந்து காலடியில் கக்கும். வெண்டெலின் மகன் ஆர்லோதான் இப்போதைய முதலாளி, விமானியும் அவன்தான். உள்ளறைச் சுவரில் தொங்கும் வரைபடத்தில் அவன் ஒவ்வொரு வருடமும் அப்பாவின் நினைவு நாளன்று பென்சிலால் ஒரு புள்ளி வைப்பான். இந்த வருடம் இந்த இடத்துக்கு வந்திருப்பார்கள் என்று ஒரு கணக்கு. வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவான். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டான்.

முப்பது புள்ளிகள் வந்திருந்தன. ஆறு மைல் நடந்திருந்தார்கள். மார்லிஸ் உள்ளறைக்குப் போனால் அந்தச் சுவர்ப்பக்கம் திரும்பமாட்டாள்.

போன செப்டம்பரில் பனியாற்றின் காலடியில் நடந்துபோன இரண்டு பேர் வளைந்த அலுமினியத் தகடு ஒன்றைக் கண்டெடுத்தார்கள். அதில் வெண்டெலின் விமானத்து எண் இருந்தது. ஆர்லோவின் கணக்கு கால் மைல்தான் தவறியிருந்தது. அதிகாரிகள் உறவினர்களுக்குக் கடிதம் போட்டார்கள். மிச்சமும் வருகிற கோடைகளில் ஒவ்வொன்றாக வெளியே வரும், அந்த இடத்தில் பிளவுகள் அதிகம், யாரும் இறங்கித் தேட முடியாது, காத்திருங்கள் என்று.

ஜூன் மாதத்தில் ஒரு தொலைபேசி வந்தது.

"விமானம் ஒண்ணு வாடகைக்கு வேணும். முழு விமானமும். ஜூலை பன்னெண்டு. நான் ஒருத்திதான்" என்றது ஒரு பெண் குரல்.

"ஒருத்திக்கு முழு விமானமா? மனசு மாறினா சொல்லுங்க, கூட ரெண்டு பேரச் சேர்த்துவிடறேன். எடை எவ்வளவு?"

"நூத்தி முப்பத்தொம்பது. பூட்ஸ் போட்டுக்கிட்டு நின்னு பாத்தேன்."

மார்லிஸின் பேனா நின்றது. முப்பத்து நான்கு வருடத்தில் பூட்ஸையும் சேர்த்துச் சொன்ன ஆள் ஒருவர்கூட இல்லை.

"நீங்க மார்லிஸ்தானே?" என்றது குரல். "நான் கொரின். உங்க மேசைக்கு அடியில மூணு நாள் படுத்திருந்தேன்."

இனி அந்த நாளைச் சொல்லத்தான் வேண்டும்.

மலை வருகிற ஊர் அது. மற்ற ஊர்களில் மலை நிற்கும். இங்கே மூன்று நாளில் ஒரு நாள்தான் மேகம் விலகும். விலகினால், "மலை வெளிய வந்திருக்கு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள், நெருங்கின சொந்தக்காரர் ஊருக்கு வந்த மாதிரி. தபால்காரம்மா சன்னலைச் சாத்திவிட்டு வெளியே வந்து நிற்பாள். பள்ளிக்கூடத்தில் பாடம் பாதியில் நிற்கும். அன்றைக்கு விமானம் ஏற வாய்ப்பு இருந்தும் ஏறாதவர்களை அந்த ஊர் பைத்தியம் என்றே நினைக்கும். அவர்களுக்கு அது பக்தி மாதிரி. மற்ற எல்லா விஷயத்திலும் நிதானமானவர்கள்.

முப்பத்தொரு வருடத்துக்கு முன், ஒன்பது நாள் மறைந்திருந்த மலை ஜூலை பன்னிரண்டாம் தேதி வெளியே வந்தது. மார்லிஸுக்கு இருபத்தேழு வயது, அந்த வேலையில் மூன்றாவது கோடை. நெப்ராஸ்காவிலிருந்து ராய்ஸ், லெனோர் என்று ஒரு தம்பதி, ஆறு வயது மகள் கொரினுடன் வந்திருந்தார்கள். அவர்களோடு சேர்ந்து போக அரிசோனாவிலிருந்து இன்னொரு தம்பதி, இரண்டு பேரும் நல்ல வாட்டசாட்டம். எல்லாருக்கும் மறுநாள் காலை ரயில். அன்றைக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரு பயணம்தான்.

மார்லிஸ் கேட்டாள், கூட்டினாள். நாற்பது பவுண்டு அதிகமாக வந்தது.

வெண்டெல் எட்டிப் பார்த்தார். "பெட்ரோலைக் கொறைக்க மாட்டேன். கணவாய்ல மேகம் எறங்கினா சுத்திக்கிட்டு வரணும். எடையக் கொறை" என்றார்.

குழந்தையின் எடை நாற்பத்து நான்கு.

குழந்தையை விட்டுவிட்டுப் போகலாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மார்லிஸ் சொன்னதும் கொரின் கொட்டகை அதிர அலறினாள். ஒரு பூட்ஸைக் கழற்றி அம்மாவின் மேல் எறிந்தாள். "நீ போ! நீ வரவே வேணாம்!" என்று கத்திக்கொண்டு உள்ளறைக்கு ஓடி, கதவைச் சாத்திக்கொண்டு, அங்கே மார்லிஸ் கணக்கு எழுதும் மேசைக்கு அடியில் அவளுடைய நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்துவிட்டாள். பிறகு நடந்த எதையும் அவள் பார்க்கவில்லை.

நடந்தது இதுதான். மஞ்சள் மழைக்கோட்டுப் போட்டிருந்த லெனோர் விமானத்தின் படியில் கால் வைத்தாள். இறங்கினாள். கொட்டகைக்குத் திரும்பி வந்தாள். "நான் இவகூட இருந்துக்கறேன். அவங்க போயிட்டு வரட்டும்" என்றாள்.

"என்னங்க நீங்க! மலை வெளிய வந்திருக்கு" என்றாள் மார்லிஸ். "ஒம்போது நாளா மூஞ்சியக் காட்டாதது இன்னிக்குக் காட்டியிருக்கு. இவ்வளவு தூரம் வந்துட்டு ஒரு புள்ள அழுதுச்சுன்னு இங்க உக்காரப் போறீங்களா? அஞ்சு நிமிஷத்துல அடங்கிடும். நான் அப்பம் சுட்டுத் தர்றேன். போங்க."

லெனோர் போனாள். படியில் ஏறினாள். உள்ளே தலையை விட்டாள். மறுபடி இறங்கிவிட்டாள். இந்த முறை பாதி தூரம் வந்து, நின்று, கொட்டகையின் சன்னலைப் பார்த்தாள். வெண்டெல் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். மார்லிஸ் சிரித்துக்கொண்டே ஓடிப்போய், அவள் முதுகில் கை வைத்து, ஒரு விளையாட்டுப் போல லேசாகத் தள்ளிக்கொண்டே போய் ஏற்றிவிட்டாள். கதவையும் அவளே சாத்தினாள். லெனோர் கண்ணாடி வழியாக ஏதோ சொன்னாள். இயந்திரச் சத்தத்தில் கேட்கவில்லை.

இரண்டு நாற்பதுக்கு வெண்டெல் ரேடியோவில் வந்தார். கணவாயில் மேகம் இறங்கிவிட்டது, கிழக்கே சுற்றி வருகிறேன் என்றார், இருமினார். அவ்வளவுதான்.

நெப்ராஸ்காவிலிருந்து அத்தை வந்து சேர மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் கொரின் மேசைக்கு அடியிலேயே கிடந்தாள். இரண்டாம் நாள்தான் வாயைத் திறந்தாள். "அம்மா என் மேல கோவமாப் போனாளா?" என்று கேட்டாள்.  உண்மையைச் சொல்லியிருக்கலாம். உன் அம்மா இரண்டு தடவை இறங்கினாள், நான்தான் ஏற்றினேன் என்று ஒரு வரி. அவளுக்குத் தைரியம் இல்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்கிற பொய்யை அன்பு என்று நினைத்துக்கொண்டாள்.

"கோவமே இல்லடா கண்ணு. சிரிச்சுக்கிட்டே போனா. திரும்பிக்கூடப் பாக்கல, அவ்வளவு சந்தோஷம்" என்றாள்.

விசாரணைக்கு வந்தவர்களும் அதைக் கேட்கவில்லை. மேகம், காற்று, எடை, பெட்ரோல் எல்லாம் கேட்டார்கள். எல்லாம் சரியாக இருந்தது. மார்லிஸின் கூட்டலில் ஒரு பவுண்டு தவறில்லை.

கொரின் ரயிலிலிருந்து இறங்கிய அன்று மலை வெளியே வந்திருந்தது. உயரமான பெண், முப்பத்தேழு வயது, தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். நெப்ராஸ்காவில் மாட்டு வைத்தியராக இருக்கிறாளாம். கொட்டகைக்குள் வந்ததும் சுற்றிலும் பார்த்தாள். மார்லிஸ் அவள் அம்மாவின் முகத்தைத் தேடினாள். தாடையில் கொஞ்சம் இருந்தது. 

ஆர்லோ கைகுலுக்கினான். "எங்கப்பா ஓட்டினது" என்றான்.

"தெரியும்" என்றாள் கொரின். "உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல."

"அவர் நல்ல விமானி."

"அதுவும் தெரியும். அறிக்கைய நூறு தடவ படிச்சிருக்கேன்."

இரண்டு பேரும் தலையாட்டினார்கள். ஒரே வீட்டில் துக்கம் விசாரிக்க வந்தவர்களைப் போல் இருந்தது. பிறகு கொரின் மார்லிஸிடம் திரும்பினாள்.

"நீங்களும் வரணும்."

"நானா? நான் இந்த மேசைய விட்டு நகர்றதில்லம்மா. ரேடியோவ யார் பாக்கறது?"

"இவ எதுலயும் ஏறமாட்டா" என்றான் ஆர்லோ. "முப்பது வருஷமா நானும் கூப்பிட்டுப் பாத்துட்டேன். ஏய் கிழவி, ரேடியோ ஒண்ணும் ஓடிப் போகாது."

"நீ வாயை மூடுடா."

கொரின் சிரிக்கவில்லை. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "உங்களைக் கஷ்டப்படுத்த வரல" என்றாள். "அம்மாவக் கடைசியாப் பாத்தது நீங்கதான். எனக்கு ஆறு வயசுல நீங்க ஒண்ணு சொன்னீங்க. சிரிச்சுக்கிட்டே போனா, திரும்பிக்கூடப் பாக்கலன்னு. ஆறுதலுக்குத்தான் சொன்னீங்க. ஆனா நான் பூட்ஸால அடிச்சிருந்தேன், போன்னு சொல்லியிருந்தேன். அவ திரும்பிக்கூடப் பாக்காமப் போனா. அதோடதான் வளந்தேன். புள்ள பெத்துக்க வேணாம்னு முடிவு பண்ணினதுக்கும் அதுதான் காரணம்னு என் புருஷன் சொல்லுவான். இருக்கலாம். அவங்க இப்ப கரைக்கு வர்றாங்க. நான் மட்டும் போனா என்னைப் பாக்க அவளுக்கு எப்படிப் பிடிக்கும்? நீங்க வந்தா, அவள வழியனுப்பின ஒருத்தராவது இருப்பீங்க."

மார்லிஸ் உட்கார்ந்துவிட்டாள். தான் அந்தக் குழந்தைக்குக் கொடுத்தது ஆறுதல் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தாள். எல்லாவற்றிலும் தப்புச் செய்திருந்தாலும் அந்த ஒன்றாவது நல்லது என்று நம்பியிருந்தாள். அதுவும் இல்லை என்று இப்போது தெரிந்தது. வழியனுப்பினவள் என்ற பட்டம் வேறு.

எழுந்து கோட்டை எடுத்தாள்.

"எடை?" என்றான் ஆர்லோ, பேனாவோடு.

"நூத்தி அறுவது."

ஆர்லோ அவளைக் கண்ணால் அளந்து நூற்று எண்பத்தைந்து என்று எழுதினான். 

விமானத்தின் படிக்கு முன்னால் வந்ததும் மார்லிஸ் நின்று அதைப் பார்த்தாள். சிறிய இரும்புப் படி, உள்ளங்கை அகலம்தான். ஒரு கனமான மனுஷி இதில் ஏறி இறங்கி, மறுபடி ஏறி இறங்க எவ்வளவு மனசு இருந்திருக்க வேண்டும் என்று நினைத்தாள். லெனோர் அவ்வளவு கனம்கூட இல்லை, நூற்று இருபத்தெட்டுப் பவுண்டு. அவள் மட்டும்தான் அன்றைக்குச் சரியான எடையைச் சொன்னவள். மார்லிஸைப் பின்னாலிருந்து யாரும் தள்ளவில்லை. தானாகவே ஏறிக்கொண்டாள்.

கொரின் ஆர்லோவின் பக்கத்தில் முன்னால் உட்கார்ந்தாள். மார்லிஸ் அவளுக்குப் பின்னால். மூன்று பேரும் காதுக்கருவியை மாட்டிக்கொண்டார்கள். அதில் ஒருவர் மூச்சு விட்டால்கூட மற்ற இருவருக்கும் கேட்கும்.

ஆறு கீழே நூல்நூலாகப் பிரிந்தது. பிர்ச் மரக்காடு முடிந்து சாம்பல் நிற மேடுகள் வந்தன. இருபது நிமிடத்தில் டோல்மன் பனியாற்றின் காலடி தெரிந்தது. வெள்ளையாக இருக்கும் என்று எல்லாரும் நினைப்பார்கள். காலடியில் அது அழுக்கு. மண்ணும் கல்லும் சுமந்து கறுத்து, இடையிடையே பிளந்து, பிளவுக்குள் மட்டும் நீலம் தெரியும். ஆர்லோ இடது இறக்கையைச் சாய்த்தான். "இங்கதான்" என்றான். "இந்தக் கறுப்புக் கோட்டுக்கும் அந்தக் குட்டைக்கும் நடுவுல. அப்பாவும் இங்கதான் எங்கயோ."

அப்பா கிடக்கிற இடத்தைப் பற்றி அவன் பேசி மார்லிஸ் கேட்டதே இல்லை. தினமும் இரண்டு தடவை, மூன்று தடவை, படம் பிடிக்கிற ஆட்களை ஏற்றிக்கொண்டு இவன் இதற்கு மேலேதான் பறந்திருக்கிறான்.

மார்லிஸ் கீழே பார்த்தாள். இத்தனை வருடம் அவள் பயந்தது அவர்கள் வெளியே வருவதற்குத்தான். வந்தால் லெனோர் எழுந்து வந்து, என்னை எதற்கு ஏற்றினாய் என்று கேட்பாள் என்று. கீழே யாரும் எழுந்து வரவில்லை. ஐஸும் சேறும்தான். ஒரு பிளவின் விளிம்பில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது போலிருந்தது. அது பாசியாகவும் இருக்கலாம். கேட்க வேண்டியவள் முன்னிருக்கையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கொரின், உங்கம்மா திரும்பிப் பாத்தா" என்றாள்.

கொரின் காதுக்கருவியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"நான் சொன்னது பொய். திரும்பிப் பாத்தது மட்டும் இல்ல, எறங்கிட்டா. படியில ஏறி எறங்கி உள்ள வந்தா. நான் இவகூட இருந்துக்கறேன்னு சொன்னா. நான் விடல. மலை வெளிய வந்திருக்கு, போங்கன்னேன். போனா. மறுபடியும் எறங்கிட்டா. நீ இருந்த சன்னலப் பாத்துக்கிட்டே நின்னா. நான் ஓடிப்போய் முதுகுல கை வெச்சுத் தள்ளி ஏத்தினேன். கதவச் சாத்தினதும் நான்தான். அவ இருக்கணும்னுதான் நெனச்சா. நான்தான் அனுப்பினேன்."

இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மார்லிஸுக்குத் தன் மூச்சு காதுக்கருவியில் திரும்பக் கேட்டது.

"நீங்க தள்ளலன்னா அம்மா இருந்திருப்பா" என்றாள் கொரின், திரும்பாமல்.

"இருந்திருப்பா."

"எனக்கு அம்மா இருந்திருப்பா. கல்யாணத்துக்கு வந்திருப்பா."

"ஆமா."

"மூணு நாள் உங்க மேசைக்கு அடியில கெடந்தேன். அப்ப சொல்லல. முப்பத்தொரு வருஷம். ஒரு கடுதாசி போட்டிருக்கலாம்."

"போட்டிருக்கலாம். பயந்துட்டேன். வேற காரணம் ஒண்ணும் இல்ல."

கொரின் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். அவள் அழுவது மூன்று பேர் காதிலும் கேட்டது. ஆர்லோ விமானத்தை ஊர்ப்பக்கம் திருப்பாமல் வட்டமாகவே சுற்றிக்கொண்டிருந்தான். அவனும் மூக்கை உறிஞ்சினான். தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மார்லிஸுக்குத் தோன்றியது. கேட்டால் அந்தப் பெண் ஏதாவது சொல்லியாக வேண்டிவரும், அந்தச் சுமையையும் அவள் தலையில் வைக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் செய்த ஒரு சில நல்ல காரியங்களில் அது ஒன்று.

கொரின் முகத்திலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்டாள். "ரெண்டு தடவையா?"

"ரெண்டு தடவ."

"முதல் தடவ உள்ள வந்தாளா? கொட்டகைக்குள்ள? நான் இருந்த எடத்துக்கு எவ்வளவு தூரம்?"

"பத்தடி. கதவு சாத்தியிருந்துச்சு. உன் அழுக சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு."

"என்ன சொன்னா? அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க."

"நான் இவகூட இருந்துக்கறேன்னா."

கொரின் இப்போது திரும்பினாள். கண்ணும் மூக்கும் சிவந்து வீங்கியிருந்தன. அந்த முகத்தில் கோபம் அப்படியே இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் இருந்தது, ஆறு வயசுக் குழந்தை கதவைத் திறந்து பார்க்கிற மாதிரி.

"உங்கள எனக்கு மன்னிக்கத் தெரியல. அதக் கேக்காதீங்க" என்றாள். "ஆனா இன்னொரு தடவ சொல்லுங்க. ஆரம்பத்துலேருந்து. அவ எப்படி எறங்கினான்னு."

"இன்னும் நாப்பது நிமிஷத்துக்குப் பெட்ரோல் இருக்கு" என்றான் ஆர்லோ. மறுபடியும் இறக்கையைச் சாய்த்தான்.

மார்லிஸ் ஆரம்பத்திலிருந்து சொன்னாள். முடித்ததும் கொரின் மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னாள். அன்றைக்கு விமானம் தரையில் இறங்குவதற்குள் நான்கு தடவை சொல்லியிருந்தாள்.

அடுத்த இரண்டு கோடைகளில் இன்னும் கொஞ்சம் கிடைத்தது. இருக்கையின் சட்டம், ஒரு பூட்டு, சில எலும்புகள். வெண்டெலின் எலும்பை ஆர்லோ ஊர் இடுகாட்டில் புதைத்தான். அதற்குப் பிறகு வரைபடத்தில் புள்ளி வைப்பதை நிறுத்திவிட்டான். லெனோர் இன்னும் வரவில்லை. மார்லிஸ் அதே மேசையில்தான் இருக்கிறாள், அதே கேள்வியைத்தான் கேட்கிறாள். இரண்டு நாற்பதுக்கு ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவதில்லை. மற்றபடி ஆள் மாறிவிட்டாள் என்று சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நெப்ராஸ்காவிலிருந்து தொலைபேசி வரும். கொரின் நலம் விசாரிப்பாள், மாடுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்வாள்.  அடுத்து என்ன வரும் என்று மார்லிஸுக்குத் தெரியும். "சொல்லுங்க" என்பாள் கொரின். மார்லிஸ் சொல்லுவாள். லெனோர் படியில் கால் வைக்கிறாள், இறங்குகிறாள், உள்ளே வருகிறாள், இவகூட இருந்துக்கறேன் என்கிறாள். அந்த இடத்தில் நெப்ராஸ்காவில் ஒரு பெண் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வது கேட்கும். அவளுக்கு வேண்டியது அதுவரைக்கும்தான். அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம் என்று கொரினே ஒரு தடவை சொன்னாள். மார்லிஸ் நிறுத்துவதில்லை. லெனோர் இரண்டாவது முறை இறங்கி, பாதி வழியில் நின்று சன்னலைப் பார்க்கும்போது, இந்தத் தடவை ஓடாதே, அவளை அங்கேயே நிற்க விடு என்று ஒவ்வொரு ஞாயிறும் தன்னையே கெஞ்சிக்கொள்கிறாள். ஒவ்வொரு ஞாயிறும் சிரித்துக்கொண்டே ஓடிப்போய் அவளை ஏற்றிவிடுகிறாள்.